இரு துண்டுத் தண்டும் ஓர் இயந்திரக் கடனும்

வங்கிப் பணியில் இடமாற்றம் தவிர்க்க இயலாதது. தமிழ்நாட்டில் வணிகவியல் பயின்று, பேரேட்டையும் ஐந்தொகையையும் துணையாகக் கொண்டு பணிக்கு வந்த நமக்கு, சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபின் லூதியானா நகரில் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது. மிதிவண்டி உதிரிபாகங்கள், தையல் இயந்திரங்கள், திருகாணிகள், கம்பளி ஆடைகள் எனப் பலவற்றுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. கில் சாலையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் நடந்து சென்றால், லேத் இயந்திரத்தின் ஓசை கேளாத இடம் அரிது.

அந்நகரில் நம் மேசைக்கு வந்த கடன் விண்ணப்பங்களுள் ஒன்று இன்றும் நினைவில் நிற்கிறது. விண்ணப்பித்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பட்டறை உரிமையாளர். லாரி, டிராக்டர், ஜீப் ஆகியவற்றின் இயக்கத் தண்டுகளைச் செய்வதும் பழுதுநீக்குவதும் அவர் தொழில். பட்டறைகளில் 'புரொப்பெல்லர் ஷாஃப்ட்' என வழங்கும் அத்தண்டுகளைச் சுழலவிட்டு எடையைச் சமன்செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்க அவர் கடன் கேட்டிருந்தார்.

அவருடைய விற்பனைப் பதிவேட்டில் லாரித் தண்டுகளுக்கு இடையே, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ என, ஒரு வரி மீண்டும் மீண்டும் வந்தது: 'முன் தண்டு, இரு துண்டு, ஜிப்ஸி.' தொகை லாரித் தண்டைவிடக் கூடுதல். ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வருவாய். இது என்ன பொருள், யார் வாங்குகிறார்கள், இதை நம்பிக் கடன் தரலாமா என்ற மூன்று கேள்விகளுடன் நாம் அப்பட்டறைக்குச் சென்றோம். அங்குக் கற்றதை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன் சக்கரங்களுக்குச் செல்லும் வழி

சாதாரண லாரியில் எஞ்சினின் ஆற்றல் கியர் பெட்டி வழியாகப் பின் சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில், கியர் பெட்டிக்குப் பின்னே 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் மற்றொரு பெட்டி அமைந்திருக்கும். அது ஆற்றலை இரண்டாகப் பிரித்து, ஒரு தண்டின் வழியே பின் அச்சுக்கும் மற்றொரு தண்டின் வழியே முன் அச்சுக்கும் அனுப்புகிறது. இந்த இரண்டாவது தண்டே முன் இயக்கத் தண்டு.

இந்தியாவுக்கு இத்தகைய வண்டிகள் புதியவை அல்ல. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டளவிலேயே மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே கொண்டுவரத் தொடங்கியது. 1985-இல் மாருதி ஜிப்ஸி அறிமுகமாயிற்று. இராணுவம், காவல்துறை, வனத்துறை ஆகியவற்றில் உழைத்த இவ்வண்டிகள் பிற்பாடு கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதை விருப்பமாகக் கொண்டவர்களின் கைக்கு வந்தன. பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானாவின் மண்டி டப்வாலி திறந்த ஜீப்புகளை உருவாக்குவதில் பெயர்பெற்றது. மலேசியாவில் தோன்றிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டியின் இந்தியப் பதிப்பு 2014 முதல் கோவாவின் மழைக்காலச் சேற்றில் நடந்துவந்தது. இத்தகைய போட்டிகளுக்காக வண்டியின் எஞ்சினையும் அச்சையும் மாற்றி அமைப்பவர்களே அந்த 'இரு துண்டு' வரிகளின் வாடிக்கையாளர்கள்.

ஏன் இரண்டாக்க வேண்டும்?

பட்டறை உரிமையாளரை அப்பகுதியில் அனைவரும் 'உஸ்தாத்ஜி' என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். ஒரே தண்டாகச் செய்தால் செலவு குறையுமே, ஏன் இரண்டாக வெட்டுகிறீர்கள் என்று கேட்டோம். அவர் விடை கூறாமல், தூக்கி நிறுத்தப்பட்டிருந்த ஒரு ஜிப்ஸியின் அடியில் நம்மைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அவ்வண்டியில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக நீளமான டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. கியர் பெட்டியும் நீண்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டது. செங்குத்தான பாறைகளில் வண்டி எளிதில் ஏறுவதற்காக முன் அச்சு இன்னும் முன்னே நகர்த்தப்பட்டிருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு ஒரு நூலைப் பிடித்தால், அது கியர் பெட்டியின் புடைப்பிலும் எஞ்சின் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பிலும் உரசியது. நேர்வழி அடைபட்டுவிட்டதால் தண்டு வளைந்து செல்ல வேண்டும். சுழலும் தண்டை வளைக்க இயலாது. ஆகவே அதை இரண்டாக்கி, நடுவில் ஒரு மூட்டை வைக்கிறார்கள்.

முதல் துண்டு குட்டையானது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புறப்பட்டு, கியர் பெட்டியின் ஓரமாகச் சென்று, சேஸிஸில் பிணைக்கப்பட்ட ஒரு 'சென்டர் பேரிங்'கில் முடிகிறது. இது சுழலுமே தவிர, மேலும் கீழும் அசையாது. இரண்டாவது துண்டு அங்கிருந்து முன் அச்சுக்குச் செல்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இதுவும் ஏறி இறங்க வேண்டும். நீளவும் குறுகவும் வேண்டும். அதற்காக ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் செல்லும் பல்வெட்டு கொண்ட 'ஸ்லிப் ஜாயின்ட்' இதில் அமைகிறது. நீண்ட லாரிகளின் அடியில் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. லாரியில் அது பின் அச்சுக்குச் செல்கிறது. இங்கே முன் அச்சுக்கு, அதுவும் நெருக்கடியான இடத்தில்.

இரண்டாக்குவதில் மற்றொரு பயனும் உண்டு. எந்தத் தண்டும் ஒரு குறிப்பிட்ட சுழல்வேகத்தை நெருங்கினால் ஸ்கிப்பிங் கயிற்றைப் போல நடுவில் வளைந்து ஆடத் தொடங்கும். அவ்வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் உள்ளது; நீளத்தைப் பாதியாக்கினால் அந்த எல்லை நான்கு மடங்கு உயர்கிறது. 50 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. சுவர்த் தடிப்பும் கொண்ட எஃகுக் குழாய் 1,350 மி.மீ. நீளமிருந்தால், கணக்குப்படி அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் 4,400 சுற்றுகள், 750 மி.மீ. நீளத்தில் அது சுமார் 14,000. 33 அங்குல டயரும் 4.88 அச்சு விகிதமும் உள்ள வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது முன் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 முறை சுழல்கிறது. முன் சக்கரங்களில் விடுவிக்கும் 'ஹப்' இல்லையெனில், இரு சக்கர இயக்கத்தில் சென்றாலும் சக்கரங்களே தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பாறைகளில் ஊர்ந்து செல்லும் வண்டிகளுக்கு வேகம் இரண்டாம் காரணமே. இடம் கிடைக்காததே முதற் காரணம்.

கோணம் எங்கே போகிறது?

இதுவரை கேட்டதும் நமக்கு மகிழ்ச்சி. சிக்கல் தீர்ந்தது, தண்டும் பாதுகாப்பானது என்று எண்ணினோம். உஸ்தாத்ஜி சிரித்தார். "மேனேஜர் சாஹிப், தண்டை வெட்டலாம், கோணத்தை வெட்ட முடியாது" என்றார். பிறகு தரையில் சாக்கட்டியால் வரைந்து விளக்கினார்.

அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாய்க்கும் முன் அச்சின் வாய்க்கும் இடையே கிடைத்தளத் தொலைவு 1,350 மி.மீ.; உயர வேறுபாடு 200 மி.மீ. ஒரே தண்டாக இருந்தால் அதன் சரிவு சுமார் எட்டரை டிகிரி. முதல் 600 மி.மீ. தொலைவை மட்டமான துண்டாக அமைத்துவிட்டால், அதே 200 மி.மீ. இறக்கத்தை மீதமுள்ள 750 மி.மீ. தொலைவிலேயே முடிக்க வேண்டும். அப்போது இரண்டாம் துண்டின் சரிவு 15 டிகிரியாகிறது. இடநெருக்கடி தீர்ந்தது, ஆனால் கோணம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

எனவே முதல் துண்டையும் மட்டமாக விடாமல் 3 டிகிரி சரித்து அமைக்கிறார். அத்துண்டு 31 மி.மீ. இறங்கிவிடுகிறது. இரண்டாம் துண்டின் சரிவு 13 டிகிரிக்குள் வருகிறது; நடு மூட்டில் இரு துண்டுகளுக்கும் இடையே உள்ள கோணம் 10 டிகிரிக்கும் சற்றுக் குறைகிறது. சுமையை ஒரே மூட்டில் ஏற்றாமல் பகிர்ந்தளித்தல் என்பது இதுதான். அப்போதும் முதல் மூட்டுக்குக் கோணமே இல்லாமல் செய்துவிடக் கூடாது என்றார். மூட்டின் உள்ளே ஊசி போன்ற சிறு உருளைகள் உள்ளன. சிறிதளவு கோணம் இருந்தால்தான் அவை நகரும். நகராத உருளை ஒரே இடத்தில் அழுத்திப் பள்ளம் பதித்துவிடும். ஒன்று முதல் மூன்று டிகிரி வரை இருப்பது நலம்.

முன் சக்கரம் பள்ளத்தில் தொங்கி அச்சு மேலும் 200 மி.மீ. இறங்கினால் என்ன ஆகும்? ஒரே தண்டின் சரிவு 16 அல்லது 17 டிகிரியோடு நின்றிருக்கும். இரு துண்டு ஏற்பாட்டில் முன் துண்டின் சரிவு 26 டிகிரியைத் தொடுகிறது. அதனால்தான் இவ்வேலைக்கு எந்த மூட்டை வாங்குவது என்பதை வண்டி தரையில் நிற்கும் நிலையைக் கொண்டு முடிவுசெய்யாமல், அச்சு முழுவதும் தொங்கும் நிலையைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும்.

மூட்டுகளின் இரட்டைப் பதிவு

தண்டின் இரு முனைகளிலும் உள்ள கூட்டல்குறி வடிவ மூட்டை 'யூ ஜாயின்ட்' என்றும் 'கிராஸ்' என்றும் வழங்குகிறோம். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இது அறியப்படுகிறது. மோட்டார் வாகனங்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காப்புரிமை பெற்றார்.

இம்மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் இயங்கும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே செல்லும் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை முந்தும். இரு முறை பிந்தும். 10 டிகிரியில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை விழுக்காடு. 20 டிகிரியில் ஆறு விழுக்காடு. 30 டிகிரியில் 13 முதல் 15 விழுக்காடு. கோணம் மூன்று மடங்கானால் குலுக்கம் ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. முதல் துண்டைச் சரித்துச் சில டிகிரிகளைக் குறைப்பதற்காக உஸ்தாத்ஜி ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது அப்போது விளங்கிற்று.

இந்த ஏற்றத்தாழ்வை நீக்கும் வழியைக் கேட்டபோது நமக்கு வணிகவியல் வகுப்பே நினைவுக்கு வந்தது. ஒரு மூட்டு முந்தும் அதே கணத்தில் மற்றொரு மூட்டு அதே அளவு பிந்தினால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழற்சி சீராகிவிடும். பற்றுக்கு நிகரான வரவு என்பது போல. ஆனால் இரு நிபந்தனைகள். முதலாவது, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும்; தொகை சமமாயிருப்பது போல. இரண்டாவது, தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். இரு பதிவுகளும் ஒரே தேதியில் விழுவது போல. கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பிவிட்டால், ஈடாவதற்கு மாறாகக் குலுக்கம் இரட்டிக்கும்.

மூன்று மூட்டுகள் கொண்ட இரு துண்டுத் தண்டில், முதல் மூட்டைச் சிறு கோணத்தில் வைத்து அதன் குலுக்கத்தைப் பொருட்படுத்தத் தேவையற்றதாக்குகிறார்கள்; 3 டிகிரியில் அது அரை விழுக்காட்டுக்கும் வெகு கீழே. மற்ற இரு மூட்டுகளையும் சமமாக்குகிறார்கள். இதற்கு முன் அச்சின் வாய், முதல் துண்டுக்கு இணையாக இருக்க வேண்டும்.

முன் அச்சில் இங்கேதான் இடர். அச்சின் வாயை மேல்நோக்கித் திருப்பினால், சக்கரங்களைத் தாங்கும் பகுதியும் உடன் திரும்பி, 'காஸ்டர்' எனப்படும் பின்சாய்வு குறைந்துவிடும். திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இந்தச் சாய்வினால்தான். தண்டுக்கு நன்மை செய்யப் போய் ஸ்டியரிங்கைக் கெடுத்துக்கொள்ளலாகாது. சக்கரத்தைத் தாங்கும் முனைகளை அறுத்துத் திருப்பி மீண்டும் பற்றவைக்க வேண்டும்.  இது செலவு மிக்கது. அச்செலவு முதல் மதிப்பீட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்றார் உஸ்தாத்ஜி.

குழாயிலிருந்து தண்டு வரை

செய்முறையைப் பொறுமையாகக் கண்டோம். முதலில் அளவு: வண்டி தரையில் நிற்கும்போது, அச்சு முழுவதும் மேலேறியபோது, முழுவதும் தொங்கியபோது என மூன்று நிலைகளில் எடுக்கிறார்கள். பிறகு குழாயைத் தெரிவுசெய்கிறார்கள். 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின், முதல் கியரில் நான்கு மடங்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலையில் இரண்டேகால் மடங்கும் பெருகி, 1,800 நியூட்டன் மீட்டராகத் தண்டுக்கு வரலாம். பின் சக்கரங்கள் சேற்றில் சுழன்று முன் சக்கரம் மட்டும் பாறையைப் பற்றினால், அத்தனையும் முன் தண்டின் மீதே விழும். 50 மி.மீ. குழாயின் சுவரை 3 மி.மீ. என்பதிலிருந்து 5 மி.மீ. ஆக்கினால் எடை அறுபது விழுக்காடு கூடுகிறது. உலோகம் தாங்க வேண்டிய அழுத்தமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்துவோரும் உண்டு; உஸ்தாத்ஜி அதைத் தொடுவதில்லை.

குழாயின் முனைகளை லேத்தில் சீராக வெட்டி, கவைகளை இறுக்கமாக அழுத்திச் செருகுகிறார்கள். டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்து, நான்கு இடங்களில் மட்டும் புள்ளிப் பற்றவைப்புச் செய்து, மீண்டும் சுழற்றிப் பார்த்த பின்னரே முழுவதும் பற்றவைக்கிறார்கள். பற்றவைப்பின் சூடு தண்டை இழுத்துவிடும் என்பதால் ஆறிய பின் மூன்றாம் முறையும் சோதனை. ஸ்லிப் ஜாயின்ட்டின் இரு பகுதிகளிலும் உளியால் ஒரு குறி வெட்டுகிறார்கள். பின்னாளில் யாரேனும் கழற்றி மாட்டும்போது பல் மாறிக் கவைகளின் தளம் பிசகாமலிருக்க அக்குறியே காவல்.

சென்டர் பேரிங் பற்றி அவர் சொன்னது பஞ்சாபுக்கே உரியது. கதிரடிக்கும் இயந்திரங்களில் பயன்படும், சிறிய கோண வேறுபாட்டுக்குத் தானே ஒத்துக்கொள்ளும் பேரிங்குகளையே அவர் இதற்கும் பயன்படுத்துகிறார். எந்தச் சிற்றூரிலும் மாற்று கிடைக்கும் என்பது ஒரு காரணம். எஞ்சினும் கியர் பெட்டியும் ரப்பர் தாங்கிகளில் அசையும், பேரிங்கோ சேஸிஸில் அசையாது நிற்கும். அவ்விரண்டுக்கும் இடையே ஒத்துச்செல்லும் தன்மை வேண்டும் என்பது மற்றொரு காரணம். சேறு இதற்குப் பெரும்பகை. நீரில் மூழ்கி எழுந்த வண்டிக்கு அன்றே கிரீஸ் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார்.

கடைசியாக, தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். முன் தண்டின் அச்சுப் பக்க மூட்டு உடைந்தால், அறுந்த முனை முன்னோக்கித் தரையில் குத்தி நிற்கும். முதல் துண்டோ ஓட்டுநரின் கால்களுக்கும் எரிபொருள், பிரேக் குழாய்களுக்கும் அருகே சுழல்கிறது. உடைந்த தண்டு அவ்விடத்தில் சாட்டையாக மாறாமல் தடுப்பது இவ்வளையமே. விலை மிகக் குறைந்த உறுப்பு இது. வாடிக்கையாளர்கள் முதலில் வேண்டாமென்பதும் இதையே.

ஐந்து மில்லிமீட்டர்

நாம் அங்கிருந்தபோதே அந்த ஜிப்ஸியின் உரிமையாளர் வந்தார். இளைஞர். அந்த வார இறுதியில் போட்டி. வண்டி அன்று மாலையே வேண்டும். தண்டு பொருத்தப்பட்டுத் தயாராக இருந்தது. ஒப்படைக்கும் முன் உஸ்தாத்ஜி முன்பக்கத்தைத் தூக்கி அச்சை முழுவதும் தொங்கவிட்டு ஸ்லிப் ஜாயின்ட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

அளவெடுத்த நாளில், தரையில் நிற்கும் நிலையில் பல்வெட்டு 100 மி.மீ. உள்ளே இருக்குமாறும், தொங்கும் நிலையில் 30 மி.மீ.க்குச் சற்று அதிகமாக எஞ்சுமாறும் திட்டமிட்டிருந்தார். இப்போது எஞ்சியிருந்ததோ ஐந்து மில்லிமீட்டர் மட்டுமே. இடையில் அந்த இளைஞர் வேறிடத்தில் நீளமான ஷாக் அப்சார்பர்களைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தார். அதனால் அச்சு முன்னைவிட 60 மி.மீ. கூடுதலாக இறங்கியது, தண்டு மேலும் 28 மி.மீ. நீள வேண்டியதாயிற்று. பாறையில் ஒரு குலுக்கலில் தண்டு கழன்றுவிடக்கூடும்.

"உஸ்தாத்ஜி, இந்த ஒரு போட்டிக்கு மட்டும் விட்டுவிடுங்கள், மெதுவாக ஓட்டுகிறேன்" என்றார் இளைஞர்.

"பேட்டா, தண்டுக்கு அது தெரியாது" என்றார் அவர். வண்டியைத் தர மறுத்துவிட்டார்.

புதிய, நீளமான பல்வெட்டு வாங்க வேண்டும்; தண்டை வெட்டி மீண்டும் செய்ய வேண்டும்; எடையைச் சமன்செய்ய நகரின் மறுகோடிக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும். செலவு யாருடையது என்ற பேச்சு எழுந்தது. பேசிய விலைக்கு மேல் தர இளைஞருக்கு மனமில்லை. உஸ்தாத்ஜி சற்று நேரம் யோசித்துவிட்டு, "நீ மாற்றியதைச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பாதிப் பாதி" என்றார். இளைஞர் ஒப்புக்கொண்டார், போட்டி தவறியது. கடன் தரலாமா என்று ஆராய வந்த அதிகாரியின் கண்ணெதிரே, அந்த வேலையின் இலாபம் அனைத்தையும் அவர் இழந்தார். அதை மறைக்கவும் முயலவில்லை.

சட்டமும் காப்பீடும்

இவ்விடத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுவது நம் கடமை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. சட்டமே அனுமதிக்கும் சில மாற்றங்களுக்கும் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிவகுத்தது.

ஆகவே, எஞ்சினையும் அச்சுகளின் இடைவெளியையும் மாற்றிய போட்டி வண்டியை அனுமதியின்றிப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. அத்தகைய வண்டிகளை டிரெயிலரில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டு செல்வதே முறை. சாலையில் ஓடும் வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படும் இடர் உண்டு. வங்கிக் கடன் நிலுவையில் உள்ள வாகனம் வங்கிக்கு அடமானமானது. வங்கியின் எழுத்துமூல இசைவின்றி அதன் உறுப்புகளை மாற்றுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

கடன் கோப்பு

கிளைக்குத் திரும்பிக் கணக்குகளை மீண்டும் பார்த்தோம். இரு துண்டுத் தண்டுகளின் வருவாயைத் தனியே ஒதுக்கிவிட்டு, லாரி, டிராக்டர் தண்டுகளின் வருவாயை மட்டும் கொண்டு தவணையைக் கட்ட இயலுமா என்று கணித்தோம்; இயலும் எனத் தெரிந்தது. சமன்செய்யும் வேலைக்காக வெளியே கொடுத்துவந்த கூலி மட்டுமே தவணையில் கணிசமான பகுதிக்கு ஈடாக இருந்தது. போட்டி வண்டிகள் மேல்வருவாய்; அதை நம்பிக் கடன் இல்லை.

தேவைப்பட்ட தொகை பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் 'தருண்' பிரிவு வரம்பான ₹10 லட்சத்துக்குள் அடங்கியது. பிணைச் சொத்துக் கேட்கப்படாத கடன் அது. ஆய்வறிக்கையில் விண்ணப்பதாரரின் நேர்மை பற்றி எழுத வேண்டிய பத்தியில், அந்த ஐந்து மில்லிமீட்டர் நிகழ்வை அப்படியே பதிந்தோம்.

கடன் ஒப்பளிப்பானபோது ஒரு பேச்சு எழுந்தது. முதல் தவணைக்கு ஆறு மாதம் அவகாசம் வேண்டுமென முதலில் கேட்டிருந்தார். அவகாசக் காலத்தில் அசல் கட்ட வேண்டாமே தவிர வட்டி நிற்காது என்றும், கட்டாத வட்டி அசலோடு சேரும் என்றும், அதே கடனைக் குறைந்த மாதங்களில் தீர்க்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தவணையும் உயரும் என்றும் இரு கணக்குகளை எழுதிக் காட்டினோம். அவர் தாளைச் சற்று நேரம் பார்த்தார். "முதல் துண்டு மட்டமாக இருந்தால் இரண்டாம் துண்டு செங்குத்தாகும், அதுதானே?" என்றார். இயந்திரம் வந்து இயங்கத் தேவையான மூன்று மாதம் மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார். அதுவரை பலருக்கு அவகாசக் காலத்தை விளக்கியிருக்கிறோம். அத்தனை விரைவில் புரிந்துகொண்டவரைக் கண்டதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தகைய வேலையை எவரிடமேனும் ஒப்படைக்க எண்ணும் வாடிக்கையாளர்கள் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. அளவு மூன்று நிலைகளிலும் எடுக்கப்பட்டதா? அச்சு முழுவதும் தொங்கும்போது பல்வெட்டு எவ்வளவு உள்ளே எஞ்சுகிறது? மூட்டுகளின் கோணங்கள் எவை. அச்சைத் திருப்பும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்துள்ளதா? கவைகளின் தளத்துக்குக் குறி வெட்டப்பட்டதா? சமன்செய்தல், பாதுகாப்பு வளையம் ஆகியவை விலைக்குள் அடங்குமா? அளவெடுத்த பின் வண்டியில் வேறெதையும் மாற்றினால் பட்டறைக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பங்கு.

பட்டறை நடத்தும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சொல். உத்யம் பதிவு, ஒழுங்கான விற்பனைப் பதிவேடு, வங்கி வழியே நடக்கும் வரவு செலவு ஆகிய மூன்றும் இருந்தால் இயந்திரக் கடன் பெறுவது எளிது. 'தருண்' கடனைப் பெற்று ஒழுங்காகத் தீர்த்தவர்களுக்கு ₹20 லட்சம் வரை கடன் தரும் 'தருண் பிளஸ்' பிரிவும் 2024 முதல் நடைமுறையில் உள்ளது. விவரங்களுக்கு அருகிலுள்ள கிளையை அணுகலாம்.

லூதியானாவை விட்டு மாறுதலாகும் முன் ஒருநாள் அப்பட்டறைக்குச் சென்றோம். புதிய இயந்திரத்தில் ஒரு லாரித் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. சுவரில் பழைய இரு துண்டுத் தண்டொன்று தொங்கியது. பல்வெட்டின் நுனியில் வெள்ளைச் சாயத்தால் ஐந்து மில்லிமீட்டர் கோடு. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அளவுகோலைத் தொடும் முன் அதைப் பார்க்க வேண்டும் என்பது அப்பட்டறையின் விதியாம். தவணைகள் அனைத்தும் உரிய நாளில் வந்திருந்தன.